குழந்தை பார்த்த வீடு



குழந்தையையும் குடும்பத்தையும் பற்றி நம் இலக்கியம் என்ன சொல்லியிருக்கிறது என்று யாரேனும் கேட்டால், தமிழ் படித்த எவரும் தயங்காமல் சொல்லக்கூடிய விடை ஒன்று உண்டு. மழலையின் இனிமையைக் குறளில் காட்டுவார்கள். தளர்நடையின் அழகைப் புறநானூற்றில் காட்டுவார்கள். கண்ணனைக் குழந்தையாக்கித் தாமே தாயாகிப் பாடிய பெரியாழ்வாரைக் காட்டுவார்கள். கடவுளரையும் அரசரையும் தொட்டிலில் இட்டுச் சீராட்டுவதற்கென்றே பிள்ளைத்தமிழ் என்றொரு பிரபந்த வகையைக் கண்ட பெருமையையும் சேர்த்துச் சொல்வார்கள். இவை யாவும் உண்மை. இவற்றில் நான் கொள்ளும் பெருமிதம் வேறு எவருடைய பெருமிதத்துக்கும் குறைந்ததன்று. ஆயினும், இந்நூல்களோடு நெடுநாள் பழகிய பின்னர் என் மனத்தில் ஒரு கேள்வி நிலைத்துவிட்டது. அதையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இத்தனை பாடல்களிலும் குழந்தை பார்க்கப்படுகிறது. தாய் பார்க்கிறாள், தந்தை பார்க்கிறான், புலவன் பார்க்கிறான், பக்தன் பார்க்கிறான். அந்தக் குழந்தை எப்போது பார்த்தது? தான் பிறந்த வீட்டையும், தன்னைச் சுற்றி நின்ற பெரியவர்களையும் அது பார்த்த பார்வை நம் எழுத்தில் எங்கே பதிந்திருக்கிறது?

புறநானூற்றிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியதும் அந்நூலே. பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய 188-ஆம் பாட்டு எல்லோரும் அறிந்தது. பலரோடு உடனிருந்து உண்ணத்தக்க பெருஞ்செல்வம் உடையவனேயாயினும், சிற்றடி வைத்து வந்து, கலத்தில் கையை விட்டுத் துழாவி, நெய்ச்சோற்றைத் தன் உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் மகவைப் பெறாதவன் வாழ்நாளால் பயனொன்றும் இல்லை என்று அம்மன்னன் முடிவு கூறுகிறான். அதே நூலில், இருபத்தெட்டுப் பாட்டுகளுக்கு முன்னால், பெருஞ்சித்திரனார் குமண வள்ளலிடம் பாடிய 160-ஆம் பாட்டு இருக்கிறது. அங்கேயும் ஒரு மகன் இருக்கிறான். அவனும் கலத்தில்தான் கைவைக்கிறான். ஆனால் அந்த வீட்டில் உணவு என்பது அற்றுப்போய் நாட்களாயின. தாயின் மார்பில் பால் இல்லை. கூழும் சோறும் தேடி வீட்டிலுள்ள கலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எல்லாம் வெறுங்கலமாக இருக்கக் கண்டு அந்தச் சிறுவன் அழுகிறான். தாய் புலி வருகிறது என்று அச்சுறுத்துகிறாள்; நிலவைக் காட்டுகிறாள்; இரண்டும் பலிக்காமல் போக, உன் தந்தையின்மேல் நீ கோபம் கொண்டால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வாய், காட்டு பார்க்கலாம் என்று கேட்டு விளையாட்டுக் காட்டுகிறாள்.

இந்தக் கடைசி உபாயத்தை எண்ணிப் பாருங்கள். பசித்த பிள்ளையின் கவனத்தைத் திருப்ப அவள் கண்ட வழி, வீட்டில் இல்லாத தந்தையின்மேல் அவனுக்குள்ள கோபத்தை முகத்தில் வரவழைப்பது. அந்தத் தந்தைதான் புலவர். அவர்தாம் இதை ஒரு வள்ளலின் சபையில் பாடுகிறார். தம் மகன் தம்மைக் கோபிக்கும் முகத்தைத் தாமே பரிசில் பாட்டுக்குள் வைத்த அந்த நேர்மைக்கு ஈடாக நம் பழைய இலக்கியத்தில் நான் மிகுதியாக எதையும் கண்டதில்லை. பாண்டியனுடைய பாட்டில் குழந்தை வீட்டின் செல்வத்துக்கு மகுடம். பெருஞ்சித்திரனார் பாட்டில் குழந்தை வீட்டின் வறுமைக்குச் சாட்சி. முன்னதை நாம் பாடப்புத்தகத்தில் வைத்தோம், மேடைதோறும் எடுத்தாண்டோம். பின்னது வறுமையைப் பற்றிப் பேசும்போது மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. குழந்தையைப் பற்றிப் பேசும்போது வருவதில்லை.

எனினும் இவ்விரண்டிலும் பார்க்கிறவர் தந்தையே. குழந்தையின் கண் வழியாக உலகம் ஒரு கணம் தோன்றி மறையும் இடம் வேறொன்று உண்டு. அது 46-ஆம் பாட்டு. மலையமானுடைய சிறு பிள்ளைகளை யானைக் காலில் இட்டுக் கொல்லச் சோழன் கிள்ளிவளவன் ஏற்பாடு செய்திருந்த வேளையில், கோவூர் கிழார் குறுக்கிட்டுப் பாடி அவர்களை உய்வித்தார் என்பது அப்பாட்டின் வரலாறு. நீ புறாவுக்காகத் தன்னையே தந்தவன் வழியில் வந்தவன், இவர்களோ புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகுத்து உண்டவர் மரபில் வந்தவர்கள் என்று இரு குலங்களையும் எடுத்துரைத்த பிறகு, அவர் அந்தப் பிள்ளைகளைக் காட்டுகிறார். எப்படிக் காட்டுகிறார்? அழுதுகொண்டிருந்தவர்கள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டார்கள். பிறகு சுற்றிலும் கூடியிருக்கும் புதிய மனிதர்களைக் கண்டு மருண்டு, முன்பு அறியாத ஒரு துன்பத்தை அடைந்து நிற்கிறார்கள். தங்களைக் கொல்ல வந்த யானை அவர்களுக்கு வேடிக்கைப் பொருள். அவர்கள் அஞ்சுவதோ யானையை அன்று, மனிதர் கூட்டத்தை. அரசியலும் பகையும் குலப்பெருமையும் பேசப்பட்ட அந்த மன்றத்தில் குழந்தைகளின் உயரத்துக்குக் குனிந்து, அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தவர் ஒரே ஒருவர். அப்படிப் பார்த்ததனாலேயே அவரால் அவர்களைக் காப்பாற்ற முடிந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சுருக்கமாகக் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்கிறேன். பிரெஞ்சு சரித்திர ஆசிரியர் பிலிப் ஆரியேஸ் 1960-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், ஐரோப்பாவின் மத்திய காலத்தில் குழந்தைப் பருவம் என்ற தனி எண்ணமே இல்லை, குழந்தைகள் சிறிய உருவில் உள்ள பெரியவர்களாகவே கருதப்பட்டனர் என்று வாதிட்டார். அவருடைய நாட்டிலேயே அதை மறுத்தவர்கள் பலர். நம் நாட்டுக்கு அதை அப்படியே பொருத்திப் பார்ப்பது தகாது. தச்சன் செய்து தர, சிறுவர்கள் கையால் இழுத்து மகிழும் சிறுதேரைக் குறுந்தொகை அறியும். மூன்று உருளை பூண்ட நடைவண்டியைப் பட்டினப்பாலை அறியும். பருவத்தைப் பருவமாக அறிந்த சமூகம் நம்முடையது. நமக்குள்ள குறை வேறு. குழந்தையின் விளையாட்டைக் கண்டோம். அதன் மனத்தில் என்ன ஓடிற்று என்று கேட்கவில்லை. நற்றிணையில் போதனார் பாடிய 110-ஆம் பாட்டில், தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்திக்கொண்டு, சிறு கோலை ஓங்கியபடி நரைத்த செவிலியர் துரத்த, பிடி கொடாமல் பந்தரெங்கும் ஓடிய பெண், மணமாகிப் போன வீட்டில் வறுமை வந்தபோது தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல், ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்டு வாழ்கிறாள் என்று தாய் வியக்கிறாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் அவள் எங்கிருந்து பெற்றாள் என்று தாய்க்குப் புரியவில்லை. அழகான பாட்டு, நான் மிகவும் நேசிக்கும் பாட்டு. ஆனால் பால் குடிக்க மறுத்து ஓடியவளுக்கும் பசியை மறைத்து வாழ்பவளுக்கும் இடையில் எத்தனை ஆண்டுகள் கடந்திருக்கும்? சிலப்பதிகாரம் கண்ணகிக்கு மணத்தின்போது வயது 12 என்றும், கோவலனுக்கு 16 என்றும் எண்ணிச் சொல்கிறது. அந்தக் கணக்கை இங்கேயும் வைத்துப் பார்த்தால், தாய் வியக்கும் அந்த அடக்கம் ஒரு சிறுமியின் அடக்கமாகவே இருந்திருக்கக்கூடும்.

இனி, பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கு வருகிறேன். இரண்டாம் குலோத்துங்க சோழனுடைய ஆட்சிக் காலத்தில் தமிழில் இரண்டு குழந்தைகள் தோன்றினர். ஒருவன் அரசனே, நமக்குக் கிடைத்துள்ள பிள்ளைத்தமிழ்களில் முதலாவதான குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழில் ஒட்டக்கூத்தர், முடிசூடிய மன்னனைத் தொட்டிற் குழந்தையாக்கிப் பாடினார். மற்றவன் சேக்கிழாருடைய பெரியபுராணத்தில் வரும் சீராளன். இந்த இரண்டாமவனைப் பற்றிப் பேசுவது எளிதன்று; எனினும் பேசியாக வேண்டும்.

பைரவ வேடத்தில் வந்த அடியார், ஒரு குடிக்கு ஒரே மகனாகப் பிறந்த ஐந்து வயதுப் பாலகனைத் தாய் பிடிக்கத் தந்தை அரிந்து, இருவரும் மனமகிழ்ந்து சமைத்த கறியையே உண்பேன் என்று சொல்ல, சீராளனின் தந்தை சிறுத்தொண்டர் பள்ளிக்குச் சென்று தம் மகனை அழைத்து வருகிறார். சதங்கை ஒலிக்க ஓடி வந்த பிள்ளையைத் தோளில் சுமந்து வருகிறார். பக்தியின் உச்சத்தைக் காட்டுவதற்கென்று அமைந்த இந்தச் சரித்திரத்தை நூற்றாண்டுகளாகக் கேட்டுவந்திருக்கிறோம். கூத்தாகவும் கதாகாலட்சேபமாகவும் நடத்தி வந்திருக்கிறோம். அக்கதையின் நடுவில், தாய் கால்களையும் கைகளையும் பற்றிக்கொண்ட அந்தக் கணத்தில், சேக்கிழார் ஒரு காரியம் செய்கிறார். பெற்றோர் இருவரும் ஏதோ பெருமகிழ்ச்சியில் இருக்கிறார்கள் என்று எண்ணி அந்தக் குழந்தை சிரித்தது என்று எழுதுகிறார்.

அந்த வரியைச் சேக்கிழார் எழுதியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. பக்தியின் மகிமைக்கு அது தேவைப்படவில்லை. கதையின் நடைக்கும் தேவைப்படவில்லை. குழந்தை உறங்கிற்று என்றோ, மயங்கிற்று என்றோ, சிவநாமம் சொல்லிற்று என்றோ எழுதியிருக்கலாம். ஆனால் மகாகவியாகிய அவருக்குக் குழந்தையின் மனம் தெரிந்துவிட்டது. பெற்றோரின் முகத்தில் மகிழ்ச்சி இருந்தால் தனக்கு நல்லதுதான் நேரும் என்று நம்புவது குழந்தையின் சுபாவம். அந்த நம்பிக்கையின்மேல்தான் குடும்பம் என்ற ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. இறுதியில் இறைவன் அருளால் அப்பிள்ளை பள்ளியிலிருந்து ஓடி வருபவன் போல மீண்டும் ஓடி வருகிறான். பக்தர்கள் ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார்கள். நானும் அந்த அடியார் மரபை வணங்குகிறவன்தான். ஆயினும் அந்தச் சிரிப்பைப் படித்த பின்னர், குடும்பத்துக்குள் குழந்தைக்கு நேர்வதை எந்த உயர்ந்த லட்சியத்தின் பேராலும் முழுமையாக நியாயப்படுத்த என் மனம் இடம் கொடுப்பதில்லை.

பிள்ளைத்தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. பத்துப் பருவங்களில் முதல் ஏழு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூன்றில் வழி பிரிகிறது. ஆண்பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தலும் சிறுபறை முழக்கலும் சிறுதேர் உருட்டலும். பெண்பிள்ளைக்குக் கழங்கும் அம்மானையும் ஊசலும். ஒருவன் வீதியில் இறங்குகிறான், ஒருத்தி முற்றத்தில் அமர்கிறாள். அந்தச் சிற்றில் பருவத்தில் மட்டும் ஒரு விசேஷம் உண்டு: அங்கே பேசுகிறவர்கள் தாயுமல்லர், புலவருமல்லர், மணலில் வீடு கட்டி விளையாடும் சிறுமியர். எங்கள் வீட்டைக் காலால் அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். பாடப்படும் தலைவனுடைய குறும்பைப் புகழ்வதற்கென்று அமைந்த மரபே இது. ஆனாலும் வீட்டைப் பற்றிச் சிறுமியர் பேசிய பழைய சொற்களில் சில இங்கேதான் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசித் தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்டு வளர்ந்த ஆண்டாள், நாச்சியார் திருமொழியில் பத்துப் பாட்டுகளை இதற்கே கொடுத்தாள். கலித்தொகையில் கபிலர் பாடிய பாட்டில், சிறுவயதில் எங்கள் மணல்வீட்டைக் காலால் சிதைத்தவன் இன்று தண்ணீர் கேட்டு வாசலில் வந்து நின்றான் என்று ஒரு பெண் தோழியிடம் நினைவுகூர்கிறாள். தான் கட்டியதை மற்றொருவர் அழிப்பதைப் பொறுத்துக்கொள்ளும் பயிற்சி பெண்ணுக்கு எத்தனை இளமையில் தொடங்கியது என்பதை இப்பாடல்கள் தம்மை அறியாமலே சொல்கின்றன.

நாட்டுப்புறத் தாலாட்டிலும் கதை இதுவே. அங்கே குழந்தை கேட்கிறதா உறங்குகிறதா என்பதைப் பற்றிப் பாடுகிறவளுக்குக் கவலை இல்லை. தாய்மாமனின் சீரையும், அத்தையின் கடுஞ்சொல்லையும், பிறந்த வீடு தொலைவாகிப் போனதையும் அவள் தொட்டிலை ஆட்டியபடி பாடுகிறாள். சுவருக்கு அப்பால் இருக்கும் மாமியாருக்கும் கேட்கட்டும் என்றே பாடுகிறாள். வேறு எங்கும் வாய் திறக்க முடியாத பெண்ணுக்குத் தொட்டில் ஒரு நியாயஸ்தலமாக இருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஏனெனில் பாடிய அந்தத் தாயே பல வேளைகளில் பால்யம் கடவாத பெண்.

பால்ய விவாகம் என்ற அந்தப் பெரும் கொடுமை நம் எழுத்தில் உள்ளிருந்து பேசத் தொடங்கியது 1903-இல். அ. மாதவையா அந்த ஆண்டில் வெளியிட்ட முத்துமீனாட்சி என்ற நாவல், ஒரு பிராமணப் பெண்ணின் சுயசரிதையாக, தன்மையில் எழுதப்பட்டது. சிறுமியாக மணம் முடித்து அனுப்பப்பட்டதையும், புக்ககத்தில் பட்டதையும், விதவையானதையும், பின்னர் மறுமணம் செய்துகொண்டதையும் அப்பெண்ணே சொல்கிறாள். சொல்கிறவர் ஆண் எழுத்தாளர்தாம். எனினும், வீட்டைப் பற்றிய தீர்ப்பைச் சொல்லும் உரிமையை வீட்டில் மிகச் சிறியவளிடம் ஒப்படைத்தது அந்தக் காலத்துக்குப் பெரிய துணிவு. 1897-இல் சுப்பிரமணிய பாரதியின் கையைப் பிடித்த செல்லம்மாளுக்கு வயது 7 என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாரதியே இருபது ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த கண்ணன் பாட்டில் கண்ணனைக் கண்ணம்மா என்னும் பெண் குழந்தையாக மாற்றிக் கொஞ்சினார். ஆண்பிள்ளையைக் கொஞ்சியே பழகிய நம் கவிதைக்கு அது புதிய வழி.

சட்டம் மெதுவாகவே வந்தது. ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்த மசோதா 1929-இல் சட்டமாகி, பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச வயதை விதித்து, 1930 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. இடையில் கிடைத்த அந்தச் சில மாதங்களில், சட்டம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாடெங்கும் அவசர அவசரமாகக் குழந்தைகளுக்கு மணம் செய்துவைத்தார்கள். பெற்றோர் கொடியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தம் பிள்ளைகளுக்கு நன்மை செய்வதாகவே அவர்கள் நம்பினார்கள். நம் குடும்ப வரலாற்றில் நான் மிகவும் கடினமாகக் காணும் இடம் இதுவே: தீங்கு பெரும்பாலும் அன்பின் கையாலேயே நிகழ்ந்திருக்கிறது. 11 வயதில் மணமாகி, விரைவிலேயே கைம்மை அடைந்த சுப்பலட்சுமிக்கு மட்டும் அவருடைய தந்தை வேறு விதமான அன்பைக் காட்டினார், படிக்க வைத்தார். 1911-இல் பட்டம் பெற்ற அப்பெண், சகோதரி சுப்பலட்சுமி என்று பெயர் பெற்று, சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினார். முன்பு ஐஸ்கட்டி வைத்திருந்த அந்த வீட்டில் சிறுமியர் பாடம் படித்தனர், விளையாடினர்.

இன்னொரு சட்டத்தை நம்மில் பலர் அறியார். ராயல் தொழிலாளர் கமிஷன் நாடெங்கும் சென்று விசாரித்தபோது, அமிர்தசரஸ் முதல் மதராஸ் வரை, பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளின் உழைப்பை முதலாளியிடம் அடகு வைக்கும் வழக்கத்தைக் கண்டது. அதன் விளைவாக 1933-இல் குழந்தைகளின் உழைப்பை ஈடுவைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்றது அச்சட்டம். செய்துகொண்ட பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம், முதலாளிக்கு 200 ரூபாய் வரை. நகையும் நிலமும் அடகு வைக்கப்படுவதை நம் கதைகள் ஆயிரம் முறை சொல்லியிருக்கின்றன. மகன் அடகு வைக்கப்பட்டதை அந்தக் காலத்துக் கதைகளில் நான் அரிதாகவே காண்கிறேன்.

பிள்ளை யாருக்கு உரியவன் என்ற கேள்வி நம் மாகாணத்தில் ஒருமுறை வெளிப்படையாகவே விவாதிக்கப்பட்டது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு பழம்பாட்டு: பொன்முடியார் புறநானூற்றில் ஒவ்வொருவருக்கும் உரிய கடமையை வகுத்துக் கூறும் பாட்டில், பெறுவது தாய்க்கும், சான்றோன் ஆக்குவது தந்தைக்கும், வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கும், நன்னெறி தருவது வேந்தனுக்கும் கடன் என்றான பிறகு, போரிட்டு யானையை வீழ்த்தி மீள்வது காளையாகிய மகனுக்குக் கடனாக எஞ்சுகிறது. எல்லோருக்கும் கடமை உண்டு. காளைக்கு விருப்பம் உண்டா என்று கேட்கப்படவில்லை. 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமப் பள்ளிகளில் கொண்டுவந்த புதிய ஆரம்பக் கல்வித் திட்டம், பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் பள்ளியில் பயின்று, எஞ்சிய நேரத்தில் வீட்டில் தந்தையின் தொழிலைக் கற்கலாம் என்றது. பள்ளிகளில் இடம் போதாமையும் பணம் போதாமையும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். உழைப்பின் கௌரவம் என்ற காந்தியக் கருத்தும் அதில் கலந்திருந்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வி என்று அழைத்து எதிர்த்தனர்; 1954-இல் பதவியேற்ற காமராஜர் அரசு அதைக் கைவிட்டது. திட்டத்தை வகுத்தவர்களின் நோக்கத்தைப் பற்றி இன்னும் வாதிடலாம். ஆனால் சலவைத் தொழிலாளியின் மகன் பிற்பகலில் எதைக் கற்பான் என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் அதை ஏற்றிருக்க முடியாது என்பதே என் எண்ணம். தந்தையின் தொழில் மகனுக்குச் செல்வமாகவும் இருக்கலாம், விலங்காகவும் இருக்கலாம். எது என்று சொல்லத்தக்கவன் அந்த மகன் ஒருவனே.

அந்த மகனுடைய குரலை நமக்குக் கேட்கச் செய்தவர்கள் சிறுகதை ஆசிரியர்கள். இடைசெவல் என்ற ஒரே கிராமத்தில் பிறந்த இருவரை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கு. அழகிரிசாமியின் அன்பளிப்பு என்ற கதையில், குழந்தைகளிடம் மிகுந்த பிரியமுள்ள ஒரு மனிதர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தகங்களும் டைரிகளும் கொண்டுவந்து கொடுக்கிறார். தாம் எல்லோரையும் சமமாகவே நேசிப்பதாக அவர் உண்மையாகவே நம்புகிறார். சாரங்கன் என்ற சிறுவனுக்கு மட்டும் டைரி கிடைப்பதில்லை. அவன் அழவில்லை, கேட்கவும் இல்லை. தன் வீட்டுக்கு அவரை வற்புறுத்தி அழைத்துச் சென்று, உபசரித்து, கடைசியில் தானே வைத்திருந்த டைரியை எடுத்து நீட்டி, தன் பெயரைக் குறிப்பிட்டு அன்பளிப்பு என்று எழுதித் தரும்படி கேட்கிறான். பெரியவரின் அன்பில் இருந்த ஓட்டையை அந்தப் பிள்ளை எவ்வளவு காலமாகப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. எவரையும் தண்டிக்காமல், எவரையும் குற்றம் சொல்லாமல், பெரியவர்களின் பெருந்தன்மை முழுவதையும் ஒரு சிறுவனின் பார்வையில் எடை போட்டுக் காட்டிய கதை அது. அதே ஆசிரியரின் ராஜா வந்திருக்கிறார் கதையில், தீபாவளிக்கு முந்திய இரவில் வாசலில் வந்து நின்ற அநாதைச் சிறுவனை ஏழைத் தாய் ஒருத்தி குளிப்பாட்டி உடுத்தி விடுகிறாள். ஜமீன் மருமகன் வந்திருப்பதாகப் பெருமை பேசிய பணக்காரப் பிள்ளையிடம், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறார் என்று அவள் மகள் சொல்கிறாள். அந்தப் பையனின் பெயர் ராஜா.

கி. ராஜநாராயணனின் கதவு கதையில், ஏழைக் குடிசை ஒன்றின் கதவைப் பஸ்ஸாக்கி ஏறி விளையாடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். தீர்வை பாக்கிக்காக ஒருநாள் தலையாரி ஆட்களோடு வந்து அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். தந்தை பிழைப்புத் தேடி வெளியூர் போயிருக்கிறான். கதவில்லாத வீட்டில் வாடைக்காற்று புகுந்து கைக்குழந்தை இறந்துபோகிறது. பின்னர் சாவடியில் கறையான் ஏறிக் கிடக்கும் தங்கள் கதவைக் கண்டு அந்தப் பிள்ளைகள் அதைக் கட்டிக்கொள்கிறார்கள். அரசாங்கத்தின் கணக்கில் அது ஜப்தி செய்யப்பட்ட ஒரு சாமான். பிள்ளைகளுக்கு அது வீடேதான். வரி, வறட்சி, அதிகாரம் என்று பெரியவர்கள் பெரிய பெயர்கள் சூட்டும் விஷயங்களைக் குழந்தையின் கை தொட்ட ஒரு பொருளில் காட்டிவிட முடிகிறது என்றால், அதற்குக் காரணம் ஆசிரியர் எங்கே நின்று பார்த்தார் என்பதே.

1992-இல் வெளிவந்த பாமாவின் கருக்கு நூலில் ஒரு காட்சி உண்டு. மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி பள்ளிவிட்டு வரும் வழியில், தங்கள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுபோய் நிலவுடைமையாளரிடம் பணிந்து கொடுப்பதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று எடுத்துச் சொல்கிறான். அந்த நொடியோடு அவளுடைய பால்யத்தின் ஒரு பகுதி முடிந்துவிடுகிறது. தீண்டாமையைப் பற்றி நம்மிடம் சாஸ்திர வாதங்களும் சட்டங்களும் மேடைப் பேச்சுகளும் மலைபோல் குவிந்திருக்கின்றன; அந்தச் சிறுமியின் சிரிப்பு நின்ற இடம் அவையனைத்தையும் விட என்னை ஆழமாகத் தைத்தது. பெருமாள்முருகனின் கூளமாதாரியில் கவுண்டர் வீட்டுப் பண்ணையத்துக்கு விடப்பட்ட கூளையன் ஆடு மேய்க்கிறான். பண்ணைக்காரரின் மகன் செல்வனோடு கூட்டாளியாக விளையாடுகிறான். விளையாட்டு எந்த எல்லையில் நின்று வேலையாகவும் அடிமைத்தனமாகவும் மாறுகிறது என்பதை அவனுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அவனே அடிபட்டு அறிந்துகொள்கிறான்.

இத்தனையும் சொல்லி வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. குழந்தைத் தொழிலைத் தடுக்க 1986-இல் வந்த சட்டம், அபாயமான தொழில்களைப் பட்டியலிட்டுத் தடைசெய்த அதே பிரிவில், குடும்பத்தாரின் உதவியோடு நடத்தப்படும் பட்டறைக்கு விலக்கு அளித்தது. 2016-இல் திருத்தப்பட்டபோதும், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்ற இடம் விடப்பட்டது. அபாயமான தொழில்களுக்கு மட்டும் அது பொருந்தாது. குடும்பத்தை நம்புவது தவறென்று நான் சொல்லமாட்டேன். நம்பாமல் எந்தச் சமூகமும் நடவாது. ஆனால் சட்டம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது என்பதும், வாசற்படிக்கு உள்ளே நடப்பதற்கு அங்கே வளர்ந்த பிள்ளையைத் தவிர வேறு சாட்சி இல்லை என்பதும் உண்மை. ஆகவேதான் குழந்தையின் பார்வையைப் பதிவு செய்யும் இலக்கியத்தை நான் வெறும் ரசனைக்குரியதாகக் கருதுவதில்லை.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் 1970-களிலும் 80-களிலும் விடியற்காலை இருட்டில் கம்பெனி பஸ்கள் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்றன. அவர்களில் மிகுதியானவர்கள் பெண்குழந்தைகள். தீக்குச்சி அடுக்கியும், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியும் அவர்கள் வளர்ந்தார்கள். 1990-இல் குட்டி ஜப்பானின் குழந்தைகள் என்ற ஆவணப்படம் அவர்களைக் காட்டிற்று. சுப்ரீம் கோர்ட் 1996-இல் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அறிக்கைகள் அவர்களை எண்ணின; படம் அவர்களைப் பார்த்தது. அவர்கள் பார்த்தது இன்னும் போதிய அளவில் எழுதப்படவில்லை. அதிகாலையில் உன்னை எழுப்பியது யார், எழுப்பும்போது என்ன சொன்னார்கள். வாரக்கூலியை யார் கையில் வாங்கினார்கள். தம்பி பள்ளிக்குப் போனானா. பஸ்ஸில் என்ன பாட்டுப் பாடினீர்கள். நோய் வந்த நாளில் வீட்டில் எப்படி நடத்தினார்கள். அம்மாவின்மேல் கோபம் இருந்ததா, இன்றும் இருக்கிறதா. இந்தச் சபையில் இருக்கும் மாணவர்களில் சிலராவது அந்த ஊர்களைச் சேர்ந்தவர்களாக இருப்பீர்கள். அந்தப் பெண்கள் உங்கள் பெரியம்மாக்களாகவும் அத்தைகளாகவும் இருக்கக்கூடும். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் எதிரில் உட்காருங்கள். அவர்களில் மூத்தவர்கள் அறுபதைக் கடந்துவிட்டார்கள்.